வாசலில் ஒரு வரவேற்பு

வாசலுக்கு இரண்டு வேலைகள் உண்டு. வருவோரை உள்ளே அழைப்பது ஒன்று; வேண்டாதவரை வெளியே நிறுத்துவது மற்றொன்று. பெரிய மாளிகைகளின் வாசல்கள் பெரும்பாலும் இரண்டாவது வேலையிலேயே தேர்ச்சி பெற்றவை. ஆகவேதான், மும்பை தாஜ்மகால் ஓட்டலின் நுழைவாயிலில் தெருநாய் ஒன்று அச்சமின்றி உறங்கிக் கொண்டிருந்ததாக 2024ஆம் ஆண்டு வெளியான செய்தி பலருடைய உள்ளத்தையும் தொட்டது.

1903இல் திறக்கப்பட்ட ஓட்டல் அது. வெள்ளையருக்கு மட்டுமேயான விடுதியொன்றில் இடம் மறுக்கப்பட்ட ஜாம்ஷெட்ஜி டாடா, அதற்கு விடையாகவே இதனைக் கட்டினார் என்றொரு கதை வழங்கி வருகிறது. கதையின் உண்மை எவ்வாறாயினும், செல்வரும் தலைவர்களும் கடந்து செல்லும் அந்த வாசலில் தெருநாய்க்கும் இடம் கிடைத்தது. வளாகத்திற்குள் வரும் விலங்குகளைப் பரிவோடு நடத்துமாறு ரத்தன் டாடா பணித்திருந்ததே அதற்குக் காரணம் என்று கூறப்பட்டது. டாடா குழுமத்தின் தலைமையகமான பம்பாய் ஹவுஸ் 2018இல் புதுப்பிக்கப்பட்டபோது, தெருநாய்களுக்கென்றே அங்கு ஓர் அறை அமைந்தது. 2024 அக்டோபரில் அவர் மறைந்தபோது, அவர் வளர்த்த ‘கோவா’ என்ற நாயும் இறுதி மரியாதை செலுத்த அழைத்து வரப்பட்டது.

எங்கள் கல்மண்டபத்தில் ஓட்டல் என்றால் இட்லியும் தேநீரும் கிடைக்கும் இடம் என்றே பொருள். அத்தகைய சிறு ஓட்டல் ஒன்றின் வாசலில் செம்பழுப்பு நிற நாய் ஒன்று இருக்கிறது. மணி என்று பெயர். விடியற்காலையில் காசிமேட்டிலிருந்து மீன் வாடையோடு வருபவருக்கும், வெள்ளைச் சட்டையணிந்து அலுவலகம் செல்பவருக்கும் அதன் வால் ஒரே விதமாகத்தான் ஆடும். ஆளின் தரம் பார்த்து மாறாத வரவேற்பு மனிதரிடையே அரிதன்றோ!

அதன் காது நுனியில் சிறு வெட்டு உண்டு. கருத்தடை செய்யப்பட்டதன் அடையாளம் அது. “சோறு போடுறது பெரிசில்ல சார். வருசா வருசம் ஊசி போடணும். யாரையாவது கடிச்சிட்டா அவங்களுக்கும் கஷ்டம், இதுக்கும் கஷ்டம்” என்றார் கடைக்காரர். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது மிக அரிது. தெருவில் விளையாடும் குழந்தையின் அச்சத்தைப் பொருட்படுத்தாத நாய்ப்பாசம் அரைப் பாசமே. 2025 ஆகஸ்டில், தில்லித் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்குமாறு ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், சில நாட்களிலேயே அதனைத் திருத்தியது. வெறிநோயோ மூர்க்கமோ இல்லாதவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் அளித்து, பிடித்த இடத்திலேயே விடுமாறு கூறியது. பெரிய மன்றங்களில் விவாதிக்கப்பட்ட அக்கடமையை எங்கள் கடைக்காரர் சத்தமின்றிச் செய்து வருகிறார்.

செல்வர் வீட்டு வாசலில் கிடந்த இலாசரை, உள்ளே விருந்துண்டவர் பொருட்படுத்தவில்லை. நாய்களே அவரருகே வந்தன என்று லூக்கா நற்செய்தி கூறுகிறது. நாய்க்கு இடமளித்த வாசல்களைப் போற்றும் நாம், அதே வாசலில் ஓர் ஏழை வந்து அமர்ந்தால் என்ன செய்வோம் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். மணி நம்மை வரவேற்பதற்கு முன்பே, ‘இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று ஒருவர் மணியை வரவேற்றிருக்கிறார். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, அதன் பொறுப்பையும் ஏற்பவர்களுக்காக இன்னும் எத்தனையோ உயிர்கள் நம் வாசல்களில் காத்திருக்கின்றன.