கார் எடுத்த கதை

அரிசி, பருப்பு, உப்பு, புளி எல்லாவற்றையும் நாம் வாங்குகிறோம். புடவையை மட்டும் எடுக்கிறோம். மனையை வாங்குகிறோம், பெண்ணை எடுக்கிறோம். மோட்டார் கார் பின்னால் வந்த சாமான்தான். ஆனாலும் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் அதை யாரும் வாங்குவதில்லை. 'மாப்பிள்ளை கார் எடுத்திருக்கார்' என்றுதான் பேச்சு. காசைக் கொடுத்துக் கையை நீட்டிய காரியமாக அது காதில் விழுவதில்லை. நாள் பார்த்து, ராகுகாலம் தள்ளி, குடும்பத்தோடு போய், உறவுக்காரர் நாலு பேரைச் சாட்சி வைத்துக்கொண்டு செய்த காரியமாகத் தொனிக்கிறது.

2022-ல் என் பெரியப்பாவின் பேரன் தஞ்சாவூரில் ஒரு கார் எடுத்தான். 'எடுத்தான்' என்று நான் சொல்லலாம். அவனுக்கே அறுபது வயது. என்னையும் அழைத்துக்கொண்டு போனான். கல்யாண மண்டபம் மாதிரி குளிர்ந்த ஒரு கூடத்தில் சிவப்பு வெல்வெட்டைப் போர்த்திக்கொண்டு கார் நின்றது. போர்வையை விலக்கினார்கள், கைதட்டினார்கள், கேக் வெட்டினார்கள். ஒரு முழ நீளத்துக்கு அட்டையில் செய்த சாவியைக் கையில் கொடுத்துப் படம் பிடித்தார்கள். நிஜச் சாவி அதற்கப்புறம் தனியாக வந்தது. வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே குறை: "பதினாலு மாசம் காக்க வெச்சுட்டாங்க மாமா!" எங்கேயோ சில்லு செய்கிற தொழிற்சாலைகளில் தட்டுப்பாடு; அதனால் உலகம் முழுவதும் கார்கள் பாதியில் நிற்கின்றன என்று விற்பனைக்காரப் பிள்ளை சமாதானம் சொன்னான்.

உங்கள் தாத்தா ஏழு வருஷம் காத்திருந்தார் என்று சொன்னேன். வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

யுத்தத்துக்கு முன்னால் பணம் இருந்தால் கார் வந்துவிடும். மோட்டார் எங்கள் ஜில்லாவுக்குப் புதிதும் அல்ல. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912-ல் பஸ் விட்டதே தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில்தான். பெரிய மிராசுதார்கள் வீட்டில் செவர்லேயும் ஃபோர்டும் நின்றன. சுதந்திரத்துக்குப் பிறகு கணக்கு மாறியது. வெளிநாட்டுப் பாகங்களைக் கப்பலில் தருவித்து இங்கே பூட்டிக் கொடுக்கிறவர்கள் வேண்டாம், இங்கேயே செய்கிறவர்கள் இருக்கட்டும் என்று 1953-ல் டாரிஃப் கமிஷன் சிபாரிசு செய்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. மிஞ்சியவை மூன்று: கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாஸடர், பம்பாய் குர்லாவில் பியட், சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்ட். மூன்றும் சேர்ந்து 1960-களில் இந்தத் தேசம் முழுவதற்கும் ஆண்டுக்கு 40,000 கார்கூடச் செய்யவில்லை. செய்ததை யார் எந்த வரிசையில் எடுப்பது என்பதற்கே 1959-ல் மத்திய சர்க்கார் ஒரு கட்டுப்பாட்டு உத்தரவு போட்டது. சர்க்காருக்கு ஒரு பங்கு முதலில். மற்றவர்கள் தபாலாபீஸ் சேமிப்புக் கணக்கில் பணத்தைப் போட்டு, பாஸ்புத்தகத்தை டீலர் பெயருக்கு ஈடு எழுதிக் கொடுத்துவிட்டு, வரிசை எண்ணை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டும்.

அம்பாஸடர் கொஞ்சம் சீக்கிரம் கிடைக்கும். பியட்டுக்குத்தான் வரிசை அனுமார் வால். வரிசைக் கதையை மாற்றியது மாருதி. 1983 டிசம்பர் 14-ஆம் தேதி இந்திரா காந்தி தம் கையால் முதல் மாருதியின் சாவியை ஹர்பால் சிங் என்பவரிடம் கொடுத்தார். அந்த மனிதருக்கும் கார் குலுக்கலில்தான் விழுந்தது. 2010-ல் காலமாகும்வரை அவர் அதே காரைத்தான் ஓட்டினார். கிடைத்ததை விடாமல் வைத்துக்கொள்கிற அந்தத் தலைமுறையை எனக்குத் தெரியும்.

பெரியப்பாவுக்கு ஐயம்பேட்டைக்கு உள்ளே தள்ளி ஓர் ஊரில் மூன்று வேலி நிலம். மிராசுதார் என்று சொல்லிக்கொள்ளலாம், சொல்லிக்கொள்ளாமலும் இருக்கலாம். காருக்கு ஆசைப்படுகிற சுபாவம் அவருக்குக் கிடையாது. 1961 கார்த்திகையில் ஒரு ராத்திரி என் அக்காவுக்கு, அதாவது அவர் பெண்ணுக்கு, இடுப்பு வலி கண்டது. கொட்டுகிற மழை. வில்வண்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்துப் படுக்க வைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். களிமண்ணில் சக்கரம் புதைந்து புதைந்து, தஞ்சாவூர் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது விடிந்துவிட்டது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. கேக் வெட்டினானே, அவன்தான். ஆனால் அந்த ராத்திரி முழுவதும் வண்டிக்குப் பின்னால் குடையில்லாமல் நடந்து வந்த பெரியப்பா, பொங்கல் கழிந்ததும் திருச்சிக்குப் போய் ஒரு பியட்டுக்குப் பணம் கட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு காரைத் தவிர மற்ற எல்லாம் வந்தன. முதலில் வந்தது கொட்டகை. மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் செங்கல் சுவர் வைத்து, ஓடு போட்டு, இரட்டைக் கதவும் மாட்டினார்கள். அடுத்து அந்தஸ்து வந்தது. எங்கள் வீட்டில் அப்போது இரண்டு கல்யாணப் பேச்சு நடந்தது. இரண்டு இடத்திலும் 'பியட் புக் பண்ணியிருக்கு' என்ற வார்த்தை நிலபுலத்துக்கு அடுத்தபடியாக எடுபட்டது. கையில் இருக்கிற அம்பாஸடரைவிட வரப்போகிற பியட்டுக்கு மதிப்பு அதிகம் என்று ஒரு தரகர் என்னிடமே சொன்னார்.

வண்டி மாடுகள் காங்கேயம் ஜோடி. 1963-ல் ஒன்றுக்குக் கால் வீங்கியது. புது ஜோடி பிடிக்கலாம் என்று வண்டிக்காரர் சொன்னார். "கார் வரப்போவுதே, இன்னொரு ஜோடி எதுக்கு?" என்றார் பெரியப்பா. நியாயமான பேச்சுதான். அடுத்த வருஷமும் அதே நியாயம், அதற்கு அடுத்த வருஷமும் அதே. கால் வீங்கிய மாடு போயிற்று. மற்றது கிழடாகி, கொட்டிலிலேயே நின்று தின்றது.

வண்டிக்காரரைத்தான் சொல்லவேண்டும். கார் வந்தால் ஓட்ட ஆள் வேண்டுமே என்று பெரியப்பா தம் செலவிலேயே அவரைக் கும்பகோணத்துக்கு ஒரு லாரி ஷெட்டுக்கு அனுப்பி வேலை பழக வைத்தார். அவர் ஆறே மாதத்தில் கற்றுக்கொண்டு, 1964-ல் லைசென்ஸும் எடுத்துவிட்டார். இரண்டு வருஷம் கிழட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு பொறுத்திருந்தார். 1966-ல் ஒரு பஸ் கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்துவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் கோபம். பெரியப்பாவுக்கு இல்லை. "அவனை எதை ஓட்டச் சொல்றது? பாஸ்புத்தகத்தையா?" என்றார்.

திருச்சியிலிருந்து கடிதம் வந்தது 1969 மாசியில். பங்குனியில் ஒரு புதன்கிழமை எடுக்கப் போனோம். பெரியப்பா, நான், லீவு போட்டுவிட்டு வந்த பழைய வண்டிக்காரர். புது வண்டியைப் பார்த்துச் சொல்ல அவரைத் தவிர வேறு யாரையும் பெரியப்பா நம்பவில்லை. திருச்சிச் சுவர்களில் அண்ணாவுக்கு ஒட்டிய இரங்கல் சுவரொட்டிகள் வெயிலில் வெளுத்திருந்தன.

டீலர் கடையில் பத்து மணிக்கு உட்கார்ந்தோம். ஒரு மணிக்குக் காரைக் காட்டினார்கள். நாங்கள் எழுதிக் கொடுத்திருந்தது சாம்பல் நிறம். வந்திருந்தது வெளிர்ப் பச்சை. "வேணாம்னா சொல்லுங்க, அடுத்த நம்பருக்குக் கொடுத்துடறோம்" என்றார் குமாஸ்தா. யார் வேண்டாம் என்பார்கள்? வண்டிக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு அடியில் படுத்துப் பார்த்தார். கதவு நாலையும் திறந்து மூடி, மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிப் பார்த்தார். "சுழி சுத்தம் ஐயா" என்றார்.

வாசலில் சில்க் ஜிப்பாக்காரர் ஒருவர் காத்திருந்தார். அந்தக் கடைகளின் வாசலில் அப்படி ஒருவர் எப்போதும் இருப்பார். புது பியட் வெளியில் வந்த அந்த நிமிஷத்திலேயே கொடுத்த விலையைவிட மேலே போய்விடும். இத்தனை நாளைக்குள் விற்கக்கூடாது என்று விதி இருந்தது, விதிக்கு வழியும் இருந்தது. பெரியப்பா கட்டியது பதினைந்தாயிரத்தை ஒட்டி. அவர் அதற்குமேல் ஐயாயிரம் என்றார். பெரியப்பா பேசாமல் நின்றார். அவர் மனத்தில் ஓடிய கணக்கு எனக்குத் தெரியும்: மூன்று மா நன்செய். கொஞ்ச நேரம் கழித்து, "காருக்கு விலை சொல்லிட்டே. ஏழு வருஷத்துக்குச் சொல்லலியேப்பா" என்று சொல்லிவிட்டுப் பின் சீட்டில் ஏறிக்கொண்டார்.

டயருக்கு நாலு எலுமிச்சம்பழம், ஒரு சிதறு தேங்காய். பின் கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. முதல் சில நூறு மைலுக்கு முப்பது மைல் வேகத்தைத் தாண்டக்கூடாது. துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம் என்று ஊர்வலம் மாதிரி வந்தோம். லாரிகள் தாண்டின, பஸ்கள் தாண்டின. வண்டிக்காரருடைய கம்பெனி பஸ்ஸே ஒன்று தாண்டிக்கொண்டு போனபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தஞ்சாவூர் தாண்டி உள் சாலையில் திரும்பினால் குறுக்கே உளுந்து. சம்பா அறுத்த வயலில் ஈரத்தோடு தெளித்த உளுந்து பங்குனியில் அறுவடைக்கு வரும். செடியோடு கொண்டுவந்து சாலையில் பரப்பிவிட்டால் போகிற வருகிற வண்டிகள் மிதித்துக் கொடுத்துவிடும். காசில்லாத போரடிப்பு. மெதுவாக ஏறி இறங்கினோம். பின்னாலிருந்து ஒரு கிழவி ஓடி வந்தாள். "புது டயரு நல்லா மிதிக்குதய்யா. இன்னொருக்கா பின்னால போயி வாங்களேன்!" பெரியப்பா உடனே, "போடா, போயிட்டு வா" என்றார். மூன்று தடவை போய் வந்தோம். அன்றைக்கு அவர் வாய்விட்டுச் சிரித்தது அந்த இடத்தில்தான்.

ஊருக்குள் மேளம் வைத்து அழைப்பதாக ஏழு வருஷமாகப் பேச்சு. வைக்கவில்லை. ஹாரன்கூட அடிக்க வேண்டாம் என்றுவிட்டார். மூன்று மாதத்துக்கு முன்னால், 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்திருந்தார்கள். கூலி நெல் கொஞ்சம் கூடக் கேட்ட தலித் குடும்பங்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் வயதானவர்களும். எங்கள் ஊர் அங்கிருந்து தூரம்தான். ஆனால் எங்கள் ஊரிலும் களம் இருந்தது, மரக்கால் இருந்தது, கூலிப் பேச்சு இருந்தது. கார் தெருவில் நுழைந்தபோது களத்தில் தூற்றிக்கொண்டிருந்தவர்கள் முறத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பெரியப்பா இந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் வண்டிக்காரர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். கார் கொட்டகையில் நின்றது. பெரியப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. கும்பகோணத்திலிருந்து டிரைவரை வரவழைத்தால் ஒரு நாள் கூலியும் சாப்பாடும். எப்போதாவது சுவாமிமலை, எப்போதாவது ஒரு கல்யாணம். ஐப்பசி பிறந்தால் எங்கள் ஊர்க் களிமண்ணில் இறங்குகிற மோட்டார் மேலே வராது. எந்தக் கார்த்திகை ராத்திரிக்காக அதை எடுத்தாரோ, அந்தக் கார்த்திகையில் அது செங்கல்மேல் நின்றது. மாடு இல்லை, வண்டி இல்லை. பெரியப்பா குடையை எடுத்துக்கொண்டு 2 மைல் நடந்து, கப்பி ரோட்டுக்குப் போய் பஸ் ஏறினார். பல நாள் அந்த பஸ்ஸை ஓட்டியவர் நம் வண்டிக்காரர். "ஐயா, முன்னால வாங்க" என்று தமக்குப் பக்கத்தில் இடம் போட்டுக் கொடுப்பார்.

காரால் ஓர் உபயோகம் இருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் கொசு கிடையாது. சாயங்காலம் பெரியப்பா பின் சீட்டில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பார். 1973-ல் வெண்மணி வழக்கில், கீழ்க்கோர்ட்டு தண்டித்த மிராசுதார்களைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அவர்கள் பெரும்பாலும் பணக்காரர்கள், நிறைய நிலம் உள்ளவர்கள், முதல் எதிரி கார் வைத்திருந்தவர், அப்படிப்பட்டவர்கள் ஏவலாள் துணையில்லாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்று நம்புவது கஷ்டம் என்ற அர்த்தத்தில் தீர்ப்பில் ஒரு வாசகம் வந்தது. அந்தச் சேதி தெரிந்த அன்று நான் ஊரில் இருந்தேன். பெரியப்பா கார்க் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"கார் வெச்சிருக்கிறவன் நடந்து போகமாட்டானாம்டா" என்றார். "நான் இன்னிக்குக் காலைலகூட நடந்துதானே போனேன்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. கொட்டகையின் இரட்டைக் கதவையும் அவரே இழுத்துச் சாத்தினார். அதற்கப்புறம் பத்திரிகையைத் திண்ணையிலேயே, கொசுவோடு படிக்க ஆரம்பித்தார்.

அடுத்த தை மாதம் கும்பகோணத்து டாக்டர் ஒருவர் வந்து காரை எடுத்துக்கொண்டு போனார். பெரியப்பா கொடுத்ததற்கு மேலேயே கொடுத்தார். மணப்பாறைச் சந்தைக்குப் போய் ஒரு ஜோடி மாடு பிடித்துவர, லீவு போட்டுவிட்டு பஸ் டிரைவர் வந்தார்.