ஏழு லட்சம் கிலோமீட்டர்

ஒரு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதைக் கொண்டு அதன் எஞ்சிய ஆயுளைக் கணிப்பது, வயதைக் கேட்டு ஒருவரின் உடல்நலத்தைச் சொல்வது போன்றது. ஓரளவுக்கே சரியாக இருக்கும்.

ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றும் லாரி பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போகிறது. நிற்காத ஓட்டம், என்ஜின் ஒரே சூட்டில் இயங்குகிறது. தேய்மானம் மிகுவது குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போதுதான். எண்ணெய் அடியில் வடிந்திருக்க, உலோகத்தோடு உலோகம் உரசும். ஆகவே நெடுஞ்சாலையில் ஓடிய இரண்டு லட்சத்தைக் காட்டிலும், திண்டுக்கல் கடைவீதியில் நின்று நின்று கிளம்பிய ஐம்பதாயிரம் ஒரு காரைக் கூடுதலாக வாட்டியிருக்கக்கூடும். அமெரிக்கப் பள்ளி ஆசிரியர் இர்வ் கார்டன், 1966ஆம் ஆண்டு வாங்கிய வால்வோ காரில் 2013இல் முப்பது லட்சம் மைல்களைக் கடந்தார். அவற்றில் பெரும்பகுதி நெடுஞ்சாலை மைல்கள். எண்ணெய் மாற்றுவதில் அவர் தவணை தவறியதில்லை.

லாரிக்கு இன்னொரு வசதியும் உண்டு. பெரிய டீசல் என்ஜின்கள் பலவற்றில் சிலிண்டருக்குள் இருக்கும் லைனரைத் தனியே கழற்றி மாற்றலாம். பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாகும். எத்தனை முறை இறக்கி ஏற்றினாலும் நிலைத்து நிற்க வேண்டியது சேசிஸ். அதைக் கொல்வது தூரமன்று, அளவுக்கு மீறிய பாரம்.

எங்கள் குடும்பத்தில் ஒரு லாரி இருந்தது. அதன் மீட்டர் கேபிள் இரண்டு முறை அறுந்ததால் மீட்டர் காட்டிய எண்ணுக்குப் பொருள் இல்லை. கணக்கு அப்பாவின் நோட்டுப் புத்தகங்களில் இருந்தது. ஒவ்வொரு நடையின் தூரம், எண்ணெய் மாற்றிய தேதி, ஒடிந்த ஸ்பிரிங் பட்டை, பிரேக் லைனிங் என எல்லாம் எழுதி வைத்திருந்தார். கூட்டிப் பார்த்தால் ஏழு லட்சத்துக்குச் சற்று மேல்.

அந்தப் பக்கங்களில் என்ஜினைவிட பிரேக்கைப் பற்றிய குறிப்புகளே அதிகம். காரணம் எங்களுக்கு விளங்காமலில்லை. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு லாரி ஏறும்போது என்ஜின் நின்றுபோனால் ஒரு நாள் வாடகையும் ஒரு லோடு தக்காளியும் போகும். இறங்கும்போது பிரேக் டிரம் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போனால் போவது உயிர், அதுவும் நம் உயிர் மட்டுமன்று. எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரிலேயே இறங்கு என்பது ஓட்டுநர்களின் பழைய பாடம். நம்பகம் என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டும் அடங்கியிருக்கின்றன. விலை பேசுபவர்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே கேட்கிறார்கள்.

அப்பா மறைந்த பிறகு, 2019இல், லாரியை விற்க முடிவு செய்தோம். பார்க்க வந்த தரகர், மீட்டரை மூன்று லட்சத்தில் வைத்துவிட்டால் விலை ஏறும் என்றார். எப்.சி. நடப்பில் இருக்கிறது, வண்டியும் நன்றாக ஓடுகிறது, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். அம்மாவின் மருத்துவச் செலவுக்கு அந்தப் பணம் தேவையாகவே இருந்தது. இரண்டு நாள் பேசினோம். ஏழு லட்சம் ஓடிய வண்டியின் பின் அச்சையும் பிரேக்கையும் மூன்று லட்சம் ஓடியதாக எண்ணிக்கொண்டு ஒருவர் மலை இறங்கினால் என்ன ஆகும் என்ற கேள்வியை எங்களால் தாண்ட முடியவில்லை.

வேடசந்தூரிலிருந்து வந்தவர், தானே ஓட்டிப் பிழைப்பவர். நோட்டுகளைத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் படித்தார். பின் அச்சு பேரிங்கை எப்போது மாற்றினீர்கள் என்று மட்டும் கேட்டார். பக்கத்தைக் காட்டினோம். தரகர் சொன்னதைவிடக் குறைந்த விலைக்கே பேசி முடித்தார்.

நோட்டுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அப்பாவின் கையெழுத்து வீட்டில் இருக்கட்டுமே என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்கும். ஆனாலும் அவரே எடுத்துக் கொடுத்தார்.