சொறிமுட்டை மிதக்கும் கரைகள்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே புறப்பட்டால் உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி என்று கடலோரக் கிராமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நிலாவெளிக்கு எதிரே கடலில் தெரிவது புறாத்தீவு. 2003ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்ட அந்தச் சிறு தீவின் பவளப்பாறைகளைப் பார்க்கப் பல நாடுகளிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். மாரிகாலத்து வாடைக்காற்று ஓய்ந்து, சித்திரை, வைகாசியில் கடல் அமைதியடையும்போது இக்கரைகள் களைகட்டத் தொடங்கும்.

உல்லாசப் பயணிகளுக்கு அது விடுமுறைக் காலம். கரையோரக் குடும்பங்களுக்கோ அதுதான் உழைப்புக் காலம். கரைவலையின் இரு கயிறுகளையும் பிடித்து ஆண்கள் இழுக்க, வலை மெல்ல மெல்லக் கரையேறும். மடி அவிழ்க்கப்பட்டதும் நெத்தலி, சூடை, பாரைக்குட்டி என்று வெள்ளிபோல் மீன்கள் துள்ளும். அவற்றோடு கண்ணாடிபோலப் பளபளக்கும் வேறொன்றும் வந்து குவியும். அதுதான் சொறிமுட்டை. கருவாட்டுக்கு மீன் தெரியும் பெண்களின் கைகளும், வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளின் கால்களும் முதலில் படுவது அதன் மேல்தான்.

சொறிமுட்டை மீன் அல்ல. அதற்கு எலும்பில்லை, மூளையில்லை, இதயமுமில்லை. உடலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் நீர்தான். குடைபோன்ற உடலின் கீழ் தொங்கும் நூல்களில்தான் அதன் ஆயுதம் இருக்கிறது. அந்த நூல்களில் ஆயிரக்கணக்கான கொட்டும் கலங்கள் உண்டு. ஒவ்வொன்றினுள்ளும் சுருட்டி வைக்கப்பட்ட நுண்ணிய ஊசி. ஏதாவது பட்டவுடன் அந்த ஊசி பாய்ந்து நஞ்சைச் செலுத்திவிடும். இதற்கு அந்த உயிரின் விருப்பம் தேவையில்லை. ஆகவேதான் கரையில் செத்துக் கிடக்கும் சொறிமுட்டையும், வலையில் அறுந்து ஒட்டியிருக்கும் நூலும்கூடக் கொட்டுகின்றன. காய்ந்த வலைதானே என்று கவலையீனமாக உதறுபவர்களுக்குக் கண்ணிலும் கழுத்திலும் எரிவு ஏற்படுவது இதனால்தான்.

எல்லாச் சொறிகளும் ஒரேயளவு நஞ்சுடையவை அல்ல. சில இலேசான அரிப்போடு விட்டுவிடும். நீல நிறக் காற்றுப்பை போல நீர்மேல் மிதந்து வருவதைப் போர்த்துக்கேயப் போர்க்கப்பல் என்பார்கள். அது உண்மையில் ஓர் உயிர் அல்ல, பல உயிர்கள் சேர்ந்த கூட்டம். அழகான பலூன் என்று பிள்ளைகள் அதைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். அதன் நூல்கள் பல மீற்றர் நீளத்துக்கு நீரில் பரந்திருக்கும். பட்ட இடத்தில் சவுக்கால் அடித்தது போன்ற சிவந்த கோடுகள் தோன்றும். பெட்டி வடிவான உடலைக் கொண்ட பெட்டிச் சொறி வகைகளும் எமது கடலில் உண்டு. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சில இனங்கள் உயிருக்கே ஆபத்தானவை.

கிராமங்களில் மாதர் கூட்டங்களுக்குப் போகும்போது, சொறி கொட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பார்த்தால் பல விடைகள் வரும். மண்ணைப் போட்டுத் தேய்ப்போம், நல்ல தண்ணீரால் கழுவுவோம், மண்ணெண்ணெய் பூசுவோம், சிறுநீர் விடுவோம் என்பார்கள். நோவைத் தணிக்கும் ஆசையில் செய்யப்படும் இவை நோவைக் கூட்டக்கூடியவை. தேய்க்கும்போது தோலில் ஒட்டியுள்ள, இன்னும் வெடிக்காத கலங்களும் வெடிக்கின்றன. நல்ல தண்ணீர் பட்டாலும் அதே நிலைதான். சிறுநீரால் பயன் உண்டென்பதற்கு ஆதாரம் இல்லை.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன?

முதலில் ஆளைக் கடலிலிருந்து கரைக்குக் கொண்டுவந்து அமர்த்த வேண்டும். பதற்றத்தில் ஓடவிடக்கூடாது. கொட்டிய இடத்தைக் கடல்நீரால் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் நூல்களைச் சாமணத்தாலோ கையுறை அணிந்த கையாலோ மெதுவாகத் தூக்கி எடுக்க வேண்டும். வெறுங்கையால் எடுத்தால் உதவி செய்பவருக்கும் கொட்டும்.

நூல்களை அகற்றிய பின்னரே சுடுநீர். சுமார் 45 பாகை செல்சியஸ் சூடான நீரில், கொட்டுப்பட்ட கையையோ காலையோ இருபது நிமிடம் அமிழ்த்தி வைக்க வேண்டும். வெப்பமானியைத் தேட வேண்டியதில்லை. உதவி செய்பவர் முதலில் தன் கையை வைத்துப் பார்க்கட்டும்; தாங்கக்கூடிய சூடே போதும். கொதிநீர் ஊற்றிப் பிள்ளையின் தோலை வேகவைத்துவிடக்கூடாது. 2006ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில் வெளியான ஆய்வொன்றில் நீல நிறச் சொறி கொட்டிய 96 பேருக்குச் சுடுநீரும் பனிக்கட்டியும் கொடுத்து ஒப்பிட்டார்கள். இருபது நிமிடத்தின் பின் சுடுநீரில் வைத்தவர்களில் நூற்றுக்கு 87 பேருக்கு நோவு குறைந்திருந்தது. பனிக்கட்டி வைத்தவர்களில் 33 பேருக்கே குறைந்தது.

வினாகிரி பற்றியும் பலர் கேட்பதுண்டு. பெட்டிச் சொறி என்று சந்தேகம் இருந்தால், நூல்களை எடுக்க முன்னர் குறைந்தது முப்பது விநாடி வினாகிரியைத் தாராளமாக ஊற்றலாம். அது வெடிக்காத கலங்களை வெடிக்கவிடாமல் தடுக்கும். ஆனால் நோவைத் தணிக்காது. நீல நிறப் போர்க்கப்பல் கொட்டியதென்று தெரிந்தால் வினாகிரியைத் தவிர்த்துக் கடல்நீரோடும் சுடுநீரோடும் நிற்பதே நல்லது.

மூச்சுத் திணறல், நெஞ்சு நோவு, வாந்தி, மயக்கம், முகம் வீங்குதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கண்ணிலோ வாயிலோ பட்டாலும், உடலின் பெரும்பகுதியில் கோடுகள் விழுந்தாலும், கொட்டுப்பட்டது சிறுபிள்ளையானாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மூச்சு நின்றுவிட்டால் அம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவியைத் தொடர வேண்டும்.

இவ்வளவும் கடினமான விடயங்கள் அல்ல. ஆனாலும் கரையில் வேலை செய்யும் பெண்கள் கொட்டுப்பட்டால் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. அன்றைய கூலி போய்விடும், மீன் பழுதாகிவிடும், வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை முடிக்கிறார்கள். மறுநாள் வீங்கிய கையோடு மீண்டும் கடகத்தைத் தூக்குகிறார்கள். கடலுக்குப் போகும் ஆணின் காயம் தொழிற்காயமாகக் கணிக்கப்படுகிறது. கரையில் மீன் தெரியும் பெண்ணின் காயம் வீட்டு வேலையில் பட்ட சிராய்ப்பாகவே கருதப்படுகிறது. அவளது உழைப்பைத் தொழிலாக எண்ணாதபோது, அவளது நோவும் கணக்கில் வராமல் போகிறது.

இதை மாற்ற ஒவ்வொரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் ஒரு சிறு பெட்டியைக் கரைவலை வாடியில் வைக்கலாம். ஒரு சாமணம், இரண்டு சோடி தடித்த கையுறை, ஒரு போத்தல் வினாகிரி, காலையில் நிரப்பிய சுடுநீர்ப் போத்தல், ஒரு வாளி ஆகியவை போதும். சங்கத்தின் சேமிப்பிலிருந்தே இதைச் செய்துவிடலாம். மீன் தெரியும்போது கையுறையும் பாதணியும் அணிவதைப் பழக்கமாக்க வேண்டும். கரையில் கிடக்கும் எந்தச் சொறியையும் தொடக்கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கடலின் பக்கமும் எமக்கொரு கடமை உண்டு. சொறிமுட்டையை உண்டு வாழும் உயிர்களில் கடலாமை முக்கியமானது. உலகிலுள்ள ஏழு கடலாமை இனங்களில் ஐந்து இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன. நீரில் மிதக்கும் பொலித்தீன் பையைச் சொறி என்று நினைத்து விழுங்கி அவை மடிகின்றன. சந்தையால் வந்ததும் நாம் வீசும் பை, சொறியைத் தின்னும் ஆமையைக் கொல்கிறது. கருவாட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பும்போது கரையில் கிடக்கும் நாலு பைகளையும் பொறுக்கிக்கொண்டு வருவது, அடுத்த பருவத்தில் கரையில் நிற்கப்போகும் எமது பிள்ளைகளுக்காக நாம் செய்யும் வேலைதான்.