மோட்டார் நடுங்குச்சு... நட்பும்தான்!

ஒரு குட்டி மோட்டாரால ரெண்டு நண்பர்கள் பேசாம இருந்த கதை தெரியுமா? அதுல ஒருத்தன், அடியேன்தான்!

மூணாவது வருஷ மினி புராஜெக்ட். என் பார்ட்னரோட பாட்டி, காலை மாத்திரையை ராத்திரி போட்டுட்டு மயங்கி விழுந்துட்டாங்க. அதனால நேரத்துக்கு மாத்திரை தர்ற டப்பா செய்யலாம்னு அவன்தான் ஐடியா கொடுத்தான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல, பழைய பிரின்ட்டர்லேர்ந்து கழட்டின பைபோலார் ஸ்டெப்பர் மோட்டார் வாங்கினோம்.

சாதாரண மோட்டார், கரன்ட் கொடுத்தா சுத்திக்கிட்டே இருக்கும். இது சொன்ன பேச்சு கேட்கும். ஒரு ஸ்டெப்புக்கு 1.8 டிகிரி. 200 ஸ்டெப் போனா முழு சுத்து. எங்க தட்டுல எட்டு அறை. ஸோ, 25 ஸ்டெப்புக்கு ஒரு அறை. பேப்பர்ல கணக்கு சூப்பர்!

மோட்டாருக்கு உள்ளே ரெண்டு காயில், வெளியே நாலு ஒயர். ரெண்டு காயில்லயும் கரன்ட்டோட திசையை வரிசை தப்பாம மாத்தி மாத்தி அனுப்பணும். ஆர்டுய்னோவோட ஒரு பின் 20 மில்லி ஆம்பியர் தர்றதே பெருசு. மோட்டார் கேட்கிறதோ பல மடங்கு. அதான் நடுவுல எல் 298 சிப். ஆர்டுய்னோ மூளைன்னா, இது புஜம்!

ஸ்விட்ச் போட்டோம். மார்கழிக் குளிர்ல நிக்கிற மாதிரி மோட்டார் நடுங்குச்சு. சுத்தவே இல்லை! 'உன் புரோகிராம் தப்பு'ன்னான் அவன். 'உன் சால்டரிங் மோசம்'னேன் நான். வாய்ச் சண்டை முத்தி, 'உன் பாட்டிதானே... நீயே செஞ்சுக்கோ'ன்னு ஒரு வார்த்தை விட்டுட்டேன். ரெண்டு நாள் பேச்சு கட்.

மோட்டாரே டுபாக்கூர்னு நினைச்சு, மாத்திட்டு வர நான் மட்டும் ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். கடைக்கார அண்ணன் ரெண்டு ஒயர் முனையைச் சேர்த்து முறுக்கிட்டு, ஷாஃப்ட்டைத் திருப்பச் சொன்னார். லேசா சுத்துச்சு. வேற ரெண்டைச் சேர்த்தார். ஷாஃப்ட் கையில இறுகிச்சு! ஒரே காயிலோட ரெண்டு முனையும் சேர்ந்தா, நாம திருப்பும்போது அதுலயே கரன்ட் உருவாகி எதிர்த்து நிக்குமாம். 'இதுதாம்ப்பா ஜோடி. பக்கத்துல பக்கத்துல இருந்தா ஜோடியாகிடுமா?'ன்னு சிரிச்சார்.

ஒயரை அப்படிப் பக்கத்துல பக்கத்துல பார்த்து ஜோடி சேர்த்தது யாரு? சாட்சாத் நானேதான்! புரோகிராமும் சரி, சால்டரிங்கும் சரி.

அங்கேயிருந்தே போன் போட்டேன். 'மச்சி, தப்பு என்னோடது. பாட்டியைப் பத்திச் சொன்னதுக்கும் ஸாரிடா.' கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், 'மோட்டாரைத் தூக்கிட்டு வீட்டுக்கு வாடா'ன்னான்.

ஜோடியை மாத்தி, ஒரு ஸ்டெப்புக்கு 5 மில்லி செகண்ட் இடைவெளி கொடுத்தோம். தட்டு 'டக்'குனு நகர்ந்து சரியான அறையில நின்னுச்சு. பாட்டி மாத்திரையை எடுத்துக்கிட்டு, 'ஏண்டா, நீங்க ரெண்டு பேரும் ராசியாகிட்டீங்களா?'ன்னாங்க பாருங்க... அசடு வழிஞ்சோம்!

உங்க மோட்டார் நடுங்கினா பார்ட்னரைத் திட்டாதீங்க பாஸ். முதல்ல ஜோடியைச் சரிபாருங்க!