மட்டாஞ்சேரியில் ஒரு கழுத்து வைத்தியம்

மட்டாஞ்சேரிக்கு வருகிற யாத்திரிகர்கள், 1568ஆம் வருஷத்து யூதர் ஜெபாலயத்தையும், டச்சு அரண்மனை என்று பெயர் பெற்றிருந்தாலும் உண்மையில் போர்ச்சுகீசியர் கட்டிக்கொடுத்த மாளிகையையும் பார்த்துவிட்டு, சுக்கும் மிளகும் மணக்கும் பஜார் வீதியில் கொஞ்ச தூரம் உலாவித் திரும்பிவிடுவார்கள்; நானோ கர்க்கடக மழையில், நீண்ட கறுப்புப் பெட்டியொன்றைத் தோளில் சுமந்துகொண்டு, ஆர்மோனியம் பழுதுபார்க்கும் ஒரு கிழவரின் வீட்டைத் தேடிச் சந்து சந்தாக அலைந்துகொண்டிருந்தேன். பெட்டிக்குள் இருந்தது என் தமக்கை மகனின் பேஸ் கிதார். சுவரில் சாய்த்து வைத்திருந்ததைத் தானே கால் தடுக்கி வீழ்த்திவிட்டு, கழுத்தில் கண்ட விரிசலைப் பார்த்து இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்தான் பையன்.

கிதாருக்கு வைத்தியம் கேட்டு ஆர்மோனியக்காரரிடம் போவது இவ்வூரில் அதிசயமல்ல. மெஹபூப் பாடிய கல்யாண வீடுகளும், பிற்காலத்தில் உம்பாயி கஜல் பாடிய இரவுச் சபைகளும் இப்பகுதிக்குச் சொந்தமானவை. 13 ஏடி என்ற ராக் குழு, 1990இல் ‘கிரவுண்ட் ஜீரோ’ என்ற ஆல்பத்தை வெளியிட்டதும் இதே கொச்சியிலிருந்துதான். தபேலாவும் கிதாரும் ஒரே தெருவில் பழுதாகிற ஊர் இது.

கிழவரின் திண்ணைதான் பட்டறை. வேளி வண்ணாந்துறையின் தமிழ்ச் சலவைத் தொழிலாளரோடு பழகிக் கற்ற தமிழ் அவருடையது. விரிசலைப் பார்க்குமுன் தந்திகளைத் தொட்டுப் பார்த்தவர், அவை விறைப்பாகவே இருக்கக் கண்டு என்னை ஏற இறங்க நோக்கினார்.

“கழுத்து ஒடிஞ்சவனைத் தலையில சுமையோட ஆசுபத்திரிக்குக் கொண்டு வருவாங்களா, சாரே?”

நான்கு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் பாரம் ஏறக்குறைய 75 கிலோ, அதாவது ஒரு மூட்டை நெல்லின் கனம் என்பதை நான் யோசித்ததே இல்லை. அவர் நான்கையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகத் தளர்த்தினார். அடுத்த கேள்வி: “யாராச்சும் பசை ஊத்தினாங்களா?”

“இல்லை, இக்கா.”

“அப்போ பிழைக்கும்.”

நம் வீணையில் தண்டியின் முனை யாளி முகமாக வளைவதுபோல, இந்த ஜாதிக் கிதாரிலும் தலை பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. கிப்ஸன் கம்பெனியார் இச்சாய்வை 17 பாகை வரை வைத்தார்கள். கழுத்தும் தலையும் ஒரே மரத்தில் கடைந்தவையாதலால், நேராக ஓடிவந்த மர ரேகை சாய்வு தொடங்கும் இடத்தில் குறுக்கே அறுபட்டுவிடுகிறது. போதாக்குறைக்கு, கழுத்தை நிமிர்த்தி வைப்பதற்காக உள்ளே புதைத்த இரும்புக் கம்பியின் திருகுக்கென்று அதே இடத்தில் பள்ளமும் தோண்டிவிடுகிறார்கள். பிரடைகளின் ஸ்தானத்தில் கனத்த உலோகச் சாவிகள் வேறு. வாத்தியம் மல்லாக்க விழும்போது உடல் தரையில் நின்றுவிட, தலை மட்டும் மேலும் போகப் பார்க்கிறது. தலை தரையில் படாமலே கழுத்து விரிகிறது. 1951இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பேஸ் கிதாரில் தலை சாயவில்லை. கழுத்தையும் நான்கு திருகுகளால்தான் பொருத்தினார். முறிந்தால் வேறு கழுத்து மாட்டிக்கொள்ளலாம். அழகில் யாளி முகத்துக்கு ஈடாகாது என்பது என் அபிப்பிராயமாயினும், யுக்தியில் அவரை மிஞ்ச முடியாது.

ஆர்மோனியத்துக்குக் காலமெல்லாம் வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சியே பழகிய கிழவர், இதற்கு அதைத் தொடவில்லை. கொச்சி மழைக்காலத்தின் ஈரத்தில் வஜ்ஜிரம் இளகிவிடும் என்றார். சாதாரண வெள்ளைப் பசையோ, காய்ந்த பிறகும் ஓயாத இழுப்புக்குக் கொஞ்சங் கொஞ்சமாக நகர்ந்து கொடுக்கும். எனவே மரவேலைக்கான மஞ்சள் பசைப் புட்டி ஒன்றை எடுத்தார். உள்கம்பியின் திருகில் பசை புகுந்து இறுகாதபடி மெழுகு தடவினார். சாய்வுக்கு ஏற்ப இழைத்த இரு தேக்குத் துண்டுகளை மெழுகுக் காகிதத்தோடு இருபுறமும் வைத்து, பசையில்லாமலே ஒருமுறை கிளாம்புகளை முடுக்கி ஒத்திகை பார்த்தார். பிறகுதான் மருந்துக்கடை ஊசியால் பசையைச் செலுத்தி, தலையை மயிரிழை அளவு பின்னுக்கு வளைத்தும் விட்டும், வளைத்தும் விட்டும், விரிசல் தானே மூச்சிழுப்பதுபோல் அதை உறிஞ்சச் செய்தார். மறுபுறம் பசை முத்து முத்தாகக் கசிந்து வந்தபோது அவர் முகத்தில் தோன்றிய திருப்தியை, பாடகரின் முகத்தில் சுருதி சேர்ந்த கணத்தில் பார்த்திருக்கிறேன். ஈரத்துணியால் கசிவைத் துடைத்துவிட்டு, கிளாம்புகளை நிதானமாக முடுக்கினார். அளவு மீறி இறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி மரம் பட்டினி கிடக்குமாம்.

குறுக்கே ஈட்டிமரத் துண்டு பதித்துப் பலப்படுத்த வேண்டாமா என்று, எங்கோ கேட்ட ஞானத்தைப் பிரயோகித்தேன். விரிசல் குட்டையாக இருந்தால்தான் அது அவசியம் என்றும், இதுபோல நீளமாகச் சாய்ந்தோடி இடைவெளியின்றி மூடும் விரிசலில் ஒட்டும் பரப்பே தாராளம் என்றும், நல்ல மரத்தை வீணே அறுப்பானேன் என்றும் சொல்லி மறுத்துவிட்டார். செய்யாத வேலைக்குக் கூலி கேட்க முடியாதே என்று நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

ஒரு நாளில் எடுக்கலாம் என்பதை மழையை உத்தேசித்து மூன்று நாளாக்கினார். நான்காம் நாள் போனபோது தந்திகள் பாதி விறைப்பில் ஓர் இரவைக் கழித்திருந்தன. என் கண்ணெதிரே முழு சுருதிக்கு ஏற்றினார். என் கட்டைவிரல் நகத்தைப் பிடித்து விரிசலின்மேல் குறுக்கே இழுத்தார். கண்ணுக்குத் தெரிந்த மெல்லிய கறுப்புக் கோடு நகத்துக்குத் தட்டுப்படவில்லை.

பிறகு பழைய முண்டு ஒன்றைக் கிழித்து மடித்து, பெட்டிக்குள் கழுத்தின் அடியில், தலை எதன்மீதும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி வைத்தார். அதற்குத் தனியே பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார். ஃபோர்ட் கொச்சித் துறையில் எர்ணாகுளம் படகு கூட்டமாக இருந்தது; பெட்டியைக் கீழே வைக்கச் சொன்ன படகுக்காரரிடம் தலையசைத்துவிட்டு, அதை மடியிலேயே கிடத்திக்கொண்டேன்.