ஃபூ பாவுக்குப் பிறந்தநாள்

ஜூலை 20. போனைத் திறந்தால் கறுப்பும் வெள்ளையுமாகக் கொட்டுகிறது. பாண்டா ஃபூ பாவ் இருப்பது சீனாவின் சிச்சுவானில், வோலோங் பக்கத்து ஷென்ஷூபிங் மையத்தில். கொண்டாடுவது கொரியாக்காரர்கள்.

*

2020இல் தென் கொரியாவின் யோங்கினில், எவர்லேண்ட் பூங்காவில் பிறந்தபோது எடை 197 கிராம். ரோஸ் நிறம், மூடிய கண். அம்மா ஆய் பாவோ நூறு கிலோவுக்கு மேல். கொரோனாவில் வீட்டுக்குள் கிடந்த ஜனம் இவள் வளர்ந்ததை யூடியூபில் பார்த்துக்கொண்டே பொழுதை ஓட்டியது.

*

எனக்குப் பிடித்த வீடியோ: பராமரிப்பாளர் காங் சோல்வோன் ஏதோ வேலையாக நடக்கிறார். குட்டி அவர் காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. பிய்த்து எடுத்து அந்தப் பக்கம் வைக்கிறார். திரும்புவதற்குள் மறுபடி காலில். அவர் முகத்தில் அலுப்பு மாதிரி ஒன்று; அலுப்பு இல்லை என்பது நமக்குத் தெரியும். அங்கே எல்லோருக்கும் அவர் 'தாத்தா'.

*

சீனா பாண்டாக்களை வாடகைக்குக் கொடுக்கும் ஒப்பந்தப்படி, எந்த நாட்டில் பிறந்தாலும் குட்டி சீனாவுக்குச் சொந்தம். பருவம் வருமுன், சுமார் நாலு வயதில், அனுப்பிவிட வேண்டும். பெற்றோர் ஜோடிக்கு வருஷ வாடகை தனி, ஏறக்குறைய 10 லட்சம் டாலர். ஃபூ பாவ் கிளம்பியபோது கொரியாக்காரர்கள் பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரிதான் அழுதார்கள். யோசித்தால், போனது அம்மா பிறந்த மண்ணுக்கு. வரனும் அங்கேதான் இருக்கிறது.

*

2024 ஏப்ரல் 3, மழை. வழியனுப்ப ஆயிரக்கணக்கில் கூட்டம். காங்கின் தாயார் இறந்தது அதற்கு முந்தின நாள். ஆனாலும் சொன்னபடி அவர் ஃபூ பாவோடு விமானம் ஏறினார். சரியா, தப்பா? எங்கள் வீடுகளில் வாசல் தாண்டவே விட்டிருக்க மாட்டார்கள். அவர் ஏறியது சரிதான் என்று எனக்குப் படுகிறது.

*

பாண்டாக்களுக்கான பிறந்தநாள் கேக்கில் மைதாவும் இல்லை, முட்டையும் இல்லை. ஐஸ்கட்டி, மூங்கில், கேரட், ஆப்பிள். நான் பார்த்த வீடியோக்களில் முதலில் போவது ஆப்பிள். வயதைக் காட்டச் செருகிய எண் காலடியில் நசுங்கும். பிறகு வழக்கமான மூங்கில். தின்பதில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செரிக்காது. அதனால் நாளில் பாதி வாயசைத்தே போகிறது. பிறந்தநாளுக்கும் அதில் விடுப்பு கிடையாது.

*

ரசிகர்களில் ஒரு ரகம் எனக்கு ஒத்துவராது. வருகிற ஒவ்வொரு போட்டோவையும் பெரிதாக்கி எங்கே முடி கொட்டியிருக்கிறது, எங்கே இளைத்திருக்கிறாள் என்று துருவுகிறார்கள். வாடகைக்காவது திரும்பக் கொண்டுவாருங்கள் என்று சியோல் மாநகராட்சிக்கு மனு போட்டதும் நடந்தது. பாவம், மாநகராட்சி என்ன செய்யும்!

*

தங்கைகள் ருய் பாவோ, ஹுய் பாவோ இரட்டையர். 2023 ஜூலை 7இல் பிறந்தவர்கள். இப்போது எவர்லேண்டில் கூட்டம் அவர்களுக்கு. அதே ஒப்பந்தம், அதே நாலு வயது. கணக்குப் போட்டால் 2027 வருகிறது. இந்தக் கணக்கை அங்கே எல்லோரும் போட்டு வைத்திருப்பார்கள். ஆனாலும் ஜூலை 7 கொண்டாட்டத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை.