அக்காவின் சாய்சதுரங்கள்

காலை ஆறு மணிக்கு ஒலிவாங்கி முன் உட்கார்ந்து "வணக்கம் நேயர்களே" சொல்பவனுக்கும் கணக்குப் பிரிவுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லைதான். ஆனால் கடந்த ஆண்டு, "நீங்கதான் நல்லா எழுதுவீங்களே, ஊடகத்துறை பட்டம் வேற" என்று நிர்வாகி என்னை மாட்டிவிட்டார். கணக்குப் பிரிவு அக்கா செய்யும் வேலையைப் படிப்படியாக எழுதித் தர வேண்டும். அதை இனி ஒரு ரோபோட் செய்யும்.

ரோபோட் என்றதும் கை கால் வைத்த இரும்பு மனிதனை நினைத்துவிடாதீர்கள். இது கணினிக்குள் ஓடும் மென்பொருள். ஆர்பிஏ என்பார்கள். நாம் திரையில் ஓரிடத்தில் சொடுக்கி, ஓர் எண்ணை நகலெடுத்து, இன்னொரு கட்டத்தில் ஒட்டுகிறோமே, அதையே அதுவும் செய்யும். யுஐபாத், புளூ பிரிசம் என்று இதில் பெயர் பெற்ற நிறுவனங்கள் உண்டு. வங்கி, காப்புறுதி அலுவலகங்களுக்கு இது புதிதல்ல.

அக்காவின் வேலை, நாடகத்துக்கும் விளம்பரத்துக்கும் குரல் கொடுக்கும் பகுதிநேரக் கலைஞர்களுக்கு மாதந்தோறும் பணம் போடுவது. எக்செல் பட்டியலைப் பார்த்துக் கணக்கு மென்பொருளில் பதிந்து, ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு சீட்டைச் சேமித்து, வங்கிக்கு அனுப்புவார்.

இரண்டு நாள் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கைத்தொலைபேசியில் பதிவும் செய்துகொண்டேன், தொழில் புத்தி. அக்காவுக்கு அடுத்த பிப்ரவரியில் 60 வயது, பணி ஓய்வு. அவர் இடத்துக்கு ஆள் எடுக்கப் போவதில்லை. நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு நாளும் எனக்கும் சேர்த்து நாசி லெமாக் வாங்கி வைத்திருந்தார்.

இப்படி வேலைகளை வரைவதற்கு பிபிஎம்என் என்று ஒரு முறை இருக்கிறது. செய்யும் வேலைக்குச் செவ்வகம், 'இப்படியா, அப்படியா' என்று முடிவெடுக்கும் இடத்துக்குச் சாய்சதுரம். வரைந்த படத்தைக் கோப்பாக ஏற்றுமதி செய்து ரோபோட் மென்பொருளில் ஏற்றினால், ஒவ்வொரு செவ்வகமும் ஒரு வெற்றுக் கூடாகப் போய் உட்காரும். எங்கே சொடுக்க வேண்டும், எதைத் தட்டச்சு செய்ய வேண்டும் என்பதை நிரலாளர் அதற்குள் நிரப்புவார்.

என் படத்தில் 43 செவ்வகங்கள், இரண்டே இரண்டு சாய்சதுரங்கள். "ரொம்பச் சுத்தமா இருக்கு" என்றார் நிர்வாகி. எனக்கும் பெருமைதான்.

முதல் மாதம் இரவில் ஓடவிட்டார்கள். அக்காவுக்கு இரண்டு நாள் பிடிக்கும் வேலை 40 நிமிடத்தில் முடிந்தது. காலையில் பார்த்தால் ஏழு பேருக்குப் பணம் போகவில்லை.

மற்றவர்கள் பட்டியலில் மேடைப் பெயரில் இருந்தார்கள். இந்த ஏழு பேர் மட்டும் அடையாள அட்டையில் உள்ளபடி, ஏ/எல், ஏ/பி என்று. விண்டோஸ் கணினியில் கோப்பின் பெயருக்குள் சாய்கோடு வரக்கூடாது. சீட்டைச் சேமிக்க முடியாமல் ரோபோட் அவர்களைத் தாண்டிப் போயிருந்தது. நம் அப்பா பெயருக்கு முன்னால் நிற்கும் அந்தக் கோடு!

"அத நான் எடுத்துட்டுத்தான் சேமிப்பேன் தம்பி. உங்ககிட்ட சொன்னேனா இல்லையான்னு ஞாபகமில்ல" என்றார் அக்கா.

அன்றிரவு பதிவைப் போட்டுக் கேட்டேன். சொல்லியிருக்கிறார், தெளிவாக. "ம்... சரிக்கா" என்று என் குரலும் கேட்கிறது. பேட்டியைத் தொகுக்கும்போது இருமலையும் 'வந்து... வந்து...' என்பதையும் வெட்டிவிடுவோமே, அதே கையால் அவர் சொன்னதை வெட்டியிருக்கிறேன்.

முழுவதையும் மறுபடி கேட்டேன். அக்கா பேச்சை நிறுத்தும் இடமெல்லாம் ஏதோ ஒரு முடிவெடுக்கும் இடமாக இருந்தது. இந்தத் தொகை போன மாதத்தைவிட அதிகமாக இருக்கிறதே, தயாரிப்பாளரைக் கேட்கலாமா? தீபாவளி வருகிறது, முன்னதாகவே போட்டுவிடலாமா? இந்த ஐயாவுக்கு வங்கிச் செயலி பார்க்கத் தெரியாது, பணம் போட்டதும் ஒரு போன் செய்துவிடலாம். புதிய படத்தில் சாய்சதுரங்கள் 19 ஆயின.

சாய்கோட்டை நீக்குவது, தொகையை ஒப்பிடுவது எல்லாம் ரோபோட்டுக்கு எளிதாகவே பழகிவிட்டது. ஏழு பேருக்கும் அந்த வாரமே பணம் போனது. போன் செய்யும் கட்டத்தில் மட்டும் நிரலாளர் தம்பி நிறுத்தினார்.

"இதுக்கு உள்ளீடு என்ன, வெளியீடு என்ன அண்ணே?"

அவர் கேட்டதில் தப்பில்லை. அந்தக் கட்டத்தில் 'மனிதர் செய்வது' என்று குறித்து என் பெயரைப் போட்டேன்.

மார்ச் மாதம் முதல் முறையாக ஐயாவை அழைத்தேன்.

"பணம் போட்டாச்சுங்க ஐயா."

"சந்தோஷம் தம்பி. எங்க, அந்தப் பொண்ணக் காணோம்?"

ஓய்வு பெற்றுவிட்டார் என்றேன். ஐயா பழைய நாடகப் பதிவுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வைக்கும்போது 20 நிமிடம் ஆகியிருந்தது.